டிக்கியில் வாடை, தரையில் ஒரு சொட்டு: பழைய காரின் பெட்ரோல் டேங்க் ஒழுகலை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1977-இல் வந்த மார்க் 3. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், வண்டியின் பின்பக்கம் சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை தெரிந்தது. டேங்கின் அடியில் விரல் வைத்தால் ஈரம், முகர்ந்தால் பெட்ரோல். ஒரு பட்டறையில் காட்டினோம். சொட்டு விழுந்த இடத்தைத் தேய்த்து, எபாக்சி பசையை அப்பிக் கொடுத்தார்கள். பத்து நாளில் பசையின் ஓரத்தில் மறுபடியும் ஈரம். இரண்டாம் முறை இன்னும் கனமான அப்பல். மூன்றாம் முறை டேங்கையே மாற்றிவிடச் சொன்னார்கள்.

கழற்றிப் பார்த்தபோது டேங்கின் அடித்தகடு நன்றாகவே இருந்தது. ஒழுகியது மேலே, பெட்ரோல் மீட்டருக்கு அளவு சொல்லும் ஃப்ளோட் யூனிட்டின் கேஸ்கட்டில். அங்கே கசிந்த பெட்ரோல் டேங்கின் தோளில் பரவி, பக்கச் சுவரில் இறங்கி, இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பு மடிப்பில் ஓடி, எல்லாவற்றிலும் தாழ்ந்த மூலையில் சொட்டாகத் திரண்டிருந்தது. நாங்கள் மூன்று மாதம் அந்த மூலையோடு போராடிக்கொண்டிருந்தோம். தேவைப்பட்டது ஒரு கேஸ்கட்டும் ஆறு திருகாணிகளும்தான்.

அதனால்தான் இந்தக் குறிப்பை அறிகுறிகளின் வரிசையில் எழுதுகிறேன். சொட்டு விழும் இடம் உங்களை ஏமாற்றும். அது எப்போது விழுகிறது என்பதைக் கவனித்தால், டேங்கைக் கழற்றுவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். என் கைக்குப் பழகியது அம்பாசிடர் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஃபியட், பத்மினி, ஹெரால்டு, மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களைத் தனியே சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் பெட்ரோல். காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிரம்பிய டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலியான டேங்கில் காற்றும் ஆவியும் கலந்து நிற்கும். அதனால் "பெட்ரோலை எடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை" என்று நினைக்கும் நேரமே மிக ஆபத்தான நேரம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே சர்வீஸ் பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யக் கூடாது. திறந்த வெளியில், சமதரையில், பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். மூடிய கொட்டகையும், பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ எரியும் வீட்டின் வாசலும் வேண்டாம்.

பேட்டரியின் இணைப்பை முதலிலேயே எடுத்துவிடுங்கள். ஃப்ளோட் யூனிட்டுக்கு எப்போதும் ஒரு மின்கம்பி போகிறது. எந்த முனையை முதலில் கழற்றுவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு: பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பிளஸ் மைனஸ் பார்க்காமல், பாடிக்குப் போகும் கம்பி எதுவோ அதை முதலில் எடுங்கள். கண்ணாடிக் குமிழ் உள்ள கைவிளக்கு கீழே விழுந்து உடைந்தால் அந்த இழையே பொறியாகிவிடும். எல்இடி டார்ச்சை வெளியிலேயே எரியவிட்டு எடுத்து வாருங்கள். தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அம்பாசிடர் டேங்கின் கொள்ளளவு சுமார் 54 லிட்டர். நம் நாட்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒருவர் தன் தேவைக்கு வைத்திருக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர் வரைதான். எனவே கால் டேங்க் வரும்வரை ஓட்டித் தீர்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. நிலையாகச் சொட்டும் வண்டியை மட்டும் ஓட்டித் தீர்க்கக் கூடாது. நின்ற இடத்திலேயே வடித்துவிட வேண்டும். வடிக்கும் பெட்ரோலை மூடியுள்ள இரும்பு கேனில் பிடியுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சவும் வேண்டாம். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் மருத்துவமனைதான்.

சாக்பீஸ் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை இதுவே. டேங்கின் வெளிப்புறத்தில் உள்ள சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கம்பி பிரஷ்ஷால் சுரண்ட வேண்டாம்: பொறியும் வரலாம், துருவே அடைத்துக்கொண்டிருந்த துளையும் திறந்துகொள்ளலாம். காய்ந்த பிறகு வெள்ளைச் சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்து அடி, பக்கம், விளிம்பு மடிப்பு, குழாய் இணைப்பு, எட்டும்வரை மேற்புறம் எல்லா இடத்திலும் மெல்லப் பூசுங்கள். அது காய்ந்து வெள்ளையானதும் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பெட்ரோல் ஓடிய தடம் சாம்பல் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலாகப் பின்தொடருங்கள். அதன் உச்சி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒழுகல்.

நாள்பட்ட ஒழுகல் என்றால் சாக்பீஸ்கூடத் தேவைப்படாது. பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் அதன் பிசின் தங்கிவிடும். தேன் நிறத்தில், நகத்தால் கீறினால் சற்றே ஒட்டும் படலம் அது. அதன் மேல் நுனியைத் தேடுங்கள்.

அறிகுறி: நிரப்பிய அன்று ஒழுகுகிறது, கால் டேங்க் குறைந்ததும் நின்றுவிடுகிறது

ஒழுகல் டேங்கின் மேல் பகுதியில் இருக்கிறது. இது நல்ல செய்தி. டேங்கைப் பற்றவைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

சந்தேகிக்க வேண்டியவை மூன்று. முதலாவது ஃப்ளோட் யூனிட்டின் கேஸ்கட். பழைய வண்டிகளில் இது கார்க். வருடக்கணக்கில் காய்ந்து, சுருங்கி, திருகாணிகளுக்கு நடுவே வெடித்திருக்கும். திருகாணியை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். இறுக்க இறுக்க யூனிட்டின் மெல்லிய தகடு திருகாணிக்குத் திருகாணி வளைந்து, நடுவில் இடைவெளி பெரிதாகும். கழற்றி, அந்தத் தகட்டைச் சமமான இரும்புக் கட்டையில் வைத்து மரச்சுத்தியால் மெல்லத் தட்டி நேராக்குங்கள். நைட்ரைல் ரப்பர் கலந்த கார்க், அல்லது விட்டான் என்று கடைகளில் கேட்டு வாங்கும் ஃப்ளோரோ ரப்பரில் புதிய கேஸ்கட் வெட்டிப் போடுங்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் பூசும் சிலிக்கான் பெட்ரோலில் ஊறிக் கூழாகிவிடும்; அதை இங்கே பயன்படுத்தக் கூடாது. திருகாணிகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்குங்கள்.

யூனிட் கையில் இருக்கும்போதே மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். பித்தளை மிதவைக்குள் பெட்ரோல் புகுந்திருந்தால் களக் களக் என்று கேட்கும். மீட்டர் எப்போதும் காலி என்று காட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். இன்னொன்று: ஃப்ளோட் யூனிட்டுக்கு எர்த் டேங்கின் உடல் வழியாகவே கிடைக்கிறது. ரப்பர் கேஸ்கட், பெயிண்ட் எல்லாம் சேர்ந்து அதைத் துண்டித்துவிட்டால் மீட்டர் வேலை செய்யாது. திருகாணித் தலையின் அடியில் வெறும் உலோகம் படும்படி விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகம், பெட்ரோல் ஊற்றும் கழுத்தையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ். பார்வைக்கு நன்றாக இருக்கும். மடக்கிப் பார்த்தால் உள்வளைவில் நூல் நூலாக வெடிப்பு தெரியும். மூன்றாவது, டேங்குக்குள் காற்று போய்வர வைத்திருக்கும் காற்றுப் போக்குக் குழாயின் இணைப்பு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே, மாற்றுவது. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தாங்கும் ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய ஹோஸ்களில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்டிருந்தால் உள்பூச்சு ஃப்ளோரோ ரப்பர் என்று பொருள். பழைய ஹோஸின் மேல் கிளிப்பை இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் கிளிப்பின் பல்லே ரப்பரை வெட்டிவிடும்.

அறிகுறி: நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தினால் மட்டும் ஒழுகுகிறது

இங்கே பழுதே இல்லாமலும் இருக்கலாம். பெட்ரோல் பங்கில் ஊற்றும் பெட்ரோல் குளிர்ந்த நிலத்தடித் தொட்டியில் இருந்து வருகிறது. நம் ஊர் மே மாத வெயிலில் கருங்கல் தரையின் மேல் நிற்கும் வண்டியின் டேங்க் அதைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடாவது எளிது. ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு பெட்ரோல் விரிகிறது. 54 லிட்டருக்கு 20 டிகிரி என்றால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். கழுத்துவரை நிரப்பிய டேங்கில் அந்த ஒரு லிட்டருக்கு இடமில்லை. மூடி வழியாகவோ காற்றுப் போக்கு வழியாகவோ அது வெளியே வரத்தான் செய்யும்.

பங்கில் பம்ப் தானாக நின்ற பிறகு "ரவுண்டாகப் போடுங்கள்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றுவதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் ஒழுகினால் முன் சொன்ன மூன்று இடங்களையும், மூடியின் உள்ளே இருக்கும் வாஷரையும் பாருங்கள்.

அறிகுறி: பெட்ரோல் எவ்வளவு இருந்தாலும் ஒரே சீராகச் சொட்டுகிறது

அடிப்பகுதி. பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

முதலில் சிறிய காரணங்களைக் கழித்துவிடுங்கள். அடியில் வடிகால் போல்ட் இருந்தால் அதன் வாஷரைப் பாருங்கள். ஃபைபர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் மறுமுறைக்கு உதவாது. செம்பு வாஷரை, வண்டியிலிருந்து வெகு தூரம் தள்ளிப் போய், சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மெத்தென்றாகும். அடுத்து, வெளியேறும் குழாயின் இணைப்பு. அங்கே பித்தளை வளையம் ஒன்று குழாயைக் கவ்வியிருக்கும். இரண்டு ஸ்பானர் போட்டுத்தான் அதைத் திருக வேண்டும். ஒன்று டேங்கின் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றது நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பானரால் முறுக்கினால் டேங்கில் பதித்த இணைப்பே அசைந்து, அடியோடு கிழிந்துவிடும். இந்த இணைப்பில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அது கவ்வுவதற்கு உதவாது. அதன் பிசிறுகள் பம்பின் வால்வில் போய் உட்காரும்.

இந்த இரண்டும் இல்லை என்றால் தகடு. பழைய டேங்குகள் ஈயமும் வெள்ளீயமும் பூசிய இரும்புத் தகட்டில் செய்தவை. துரு உள்ளேயிருந்து வருகிறது. பாதி காலியான டேங்கில் இரவு முழுவதும் ஈரக்காற்று குளிர்ந்து, துளித் துளியாக அடியில் தேங்கும். பெட்ரோலைவிடக் கனமான அந்தத் தண்ணீர் மாதக்கணக்கில் ஒரே மூலையில் நின்றால் தகடு புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். இப்போது அதோடு எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 2022-இல் 10 விழுக்காடாக இருந்த கலப்பு 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலைப் பிரிந்து அடியில் தனி அடுக்காக நிற்கும். பல ஆண்டுகளாகத் துளைகளை அடைத்துக்கொண்டிருந்த பழைய பிசினையும் அது கரைத்துவிடுகிறது. நாற்பது வருடம் ஒழுகாத டேங்க் இப்போது திடீரென்று ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். எப்போதாவது மட்டும் எடுக்கும் வண்டி என்றால், பழைய பெட்ரோல் மாதக்கணக்கில் டேங்கில் கிடக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

டேங்கை இறக்கி, உள்ளே எல்இடி வெளிச்சம் காட்டிப் பாருங்கள். வெளியே ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் அட்டைப் பெட்டியைத் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். இந்தச் சத்தத்தை வைத்துத்தான் அடுத்த முடிவை எடுக்க வேண்டும்.

ஒன்றிரண்டு ஊசித்துளை, சுற்றிலும் தகடு கணீரென்கிறது என்றால் ஈயப் பற்றவைப்பு போதும். இதற்கு நான் தேடிப் போவது ரேடியேட்டர் பட்டறை. டேங்கை நீராவி விட்டுக் கழுவும் வசதியும், ஈயம் பிடிக்க வைக்கும் கையும் அங்கேதான் இருக்கின்றன. வெறும் சோப்புத் தண்ணீரில் கழுவினால் ஆவி போய்விடாது. மடிப்புக்குள்ளும் துருப் பொருக்குக்குள்ளும் ஊறியிருக்கும் பெட்ரோல், சூடு பட்டதும் மறுபடி ஆவியாகக் கிளம்பும். நெடுநேரம் நீராவி, பிறகு பற்றவைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர், எல்லா வாய்களும் திறந்த நிலை, அப்புறம் தொலைவில் சூடாக்கிய பெரிய செம்புப் பற்றுக்கோல். டேங்கின் மேல் நேரடியாகத் தீ படக் கூடாது. இன்னொரு வண்டியின் புகைக்குழாயை டேங்கோடு இணைத்துப் புகையை நிரப்பிவிட்டுப் பற்றவைக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதை நம்பாதீர்கள், அந்தப் புகையில் எவ்வளவு காற்று கலந்திருக்கிறது என்பதை யாராலும் கண்ணால் அளக்க முடியாது. தயவுசெய்து இந்த வேலையை வீட்டில் முயலவே வேண்டாம். பழைய டேங்க் வெடித்து இறந்தவர்களில் வேலை தெரிந்தவர்களும் உண்டு.

ஈயம் சிறு துளையைத்தான் தானே மூடும். ஆணித் தலையைவிடப் பெரியது என்றால் ஒட்டுத் தகடு வேண்டும். ஒட்டுத் தகடு, டேங்க் இரண்டும் முதலில் பளிச்சென்று தேய்த்து ஈயம் பூசி, பிறகு சேர்க்கப்பட வேண்டும். துத்தநாகம் போட்டு அடக்கிய அமிலத்தைத்தான் ஈயம் பிடிக்கத் தடவுகிறார்கள். வேலை முடிந்ததும் அதைச் சோடா கலந்த நீரில் நன்றாகக் கழுவாவிட்டால் ஒட்டின் ஓரத்தில் ஆறு மாதத்தில் புதிய துரு கிளம்பும். பட்டறையை விட்டு வருமுன் இதை நினைவுபடுத்திவிடுங்கள்.

பத்துப் பதினைந்து இடத்தில் புள்ளி, ஆனால் தகடு இன்னும் திடமாக இருக்கிறது என்றால் உள்பூச்சு. டேங்குக்கென்றே விற்கும் இரண்டு பாக எபாக்சி, எத்தனால் தாங்கும் என்று குறிப்பிட்டிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். பூச்சைவிட அதற்கு முன் செய்யும் வேலையே பெரிது. ஒரு கை நிறைய நட்டுகளோ கூர்மையான சிறு ஜல்லியோ போட்டு, தண்ணீரும் சோப்பும் ஊற்றி, டேங்கை எல்லாப் பக்கமும் புரட்டிப் புரட்டிக் குலுக்குங்கள். ஜல்லி என்றால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். உள்ளே தடுப்புத் தகடுகளின் இடுக்கில் ஒன்றிரண்டு சிக்கிக்கொள்ளும். பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, சலவைச் சோடாவில் அமிலத்தை முறித்து, நிறையத் தண்ணீரில் அலசி, வெயிலில் எலும்பு போலக் காயவிடுங்கள். ஈரம் துளி இருந்தாலும் எபாக்சி பிடிக்காது.

பூச்சை ஊற்றுமுன் பெட்ரோல் எடுக்கும் குழாயையும் காற்றுப் போக்கையும் கிரீஸ் தடவிய போல்ட்டால் அடைத்துவிட வேண்டும். இதை மறந்து, டேங்கைச் சரிசெய்து குழாயை அடைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊற்றிய பூச்சை டேங்கின் ஆறு பக்கமும் மெதுவாகச் சுழற்றிப் படியவிட்டு, மிச்சத்தை வடித்துவிடுங்கள். அடியில் குளம்போல் தேங்கினால் அந்த இடம் இறுகாமல், பின்னால் தோலாக உரியும். டப்பாவில் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை பெட்ரோலைக் காட்டாதீர்கள். முன்பு யாரோ பூசிய பழைய பூச்சு உரிந்துகொண்டிருந்தால் அதன் மேல் புதியதைப் பூசுவது வீண். பழையதை முழுவதும் எடுக்க முடியாவிட்டால் டேங்கை மாற்றுவதே வழி.

தட்டினால் அடி முழுவதும் மந்தமாகக் கேட்கிறது, விரலால் அழுத்தினால் அப்பளம் போல நெகிழ்கிறது என்றால் அந்த டேங்குக்குச் செலவு செய்யாதீர்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கழற்றிய டேங்க் கிடைக்கும். அதுவும் உங்கள் டேங்கின் வயதுதான் என்பதை மறக்காமல், தட்டிப் பார்த்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். புதிதாகத் தகட்டில் செய்து வாங்குவதானால் ஒரு வார்த்தை: உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்று மூடுவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். அவை இல்லாத டேங்கில் ஒவ்வொரு பிரேக்குக்கும் பெட்ரோல் மொத்தமாக முன்னே மோதும்; மடிப்பு சீக்கிரம் விடும். ஆழமும் பழைய டேங்கின் ஆழமாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதவையின் கை எட்டாமல் மீட்டர் பொய் சொல்லும்.

அறிகுறி: எங்கும் ஈரமில்லை, வாடை மட்டும் வருகிறது

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. சென்னையை அடுத்த வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த அந்த அழகான வண்டியில் டேங்க் டிக்கிக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கே கசிவது தரைக்கு வராது. ஆவியாகி டிக்கியிலும் பின் இருக்கைக்குப் பின்னாலும் நிற்கும். அம்பாசிடரில் வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும் கசிவு, ஹெரால்டில் வாடையாக மட்டுமே தெரியும்.

டிக்கியில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். பிறகு டேங்கின் ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் உலர்ந்த வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு, ஒரு சுற்று ஓட்டிவந்து, ஒவ்வொரு துணியையும் வெளியே கொண்டுபோய் முகருங்கள். மூக்கு சீக்கிரம் பழகிவிடும் என்பதால், வண்டியில் வராத இன்னொருவரை முகரச் சொல்வது நல்லது.

பெரும்பாலும் குற்றவாளி ஊற்றும் கழுத்தின் ஹோஸ், ஃப்ளோட் யூனிட் கேஸ்கட், அல்லது இணைப்பிலிருந்து கழன்று டிக்கிக்குள்ளேயே ஆவி விட்டுக்கொண்டிருக்கும் காற்றுப் போக்குக் குழாய். எரிபொருள் ஊறிய கம்பளமும் அட்டையும் பல வாரம் வாடை விடும். அவற்றை எடுத்து வெயிலில் போடாமல் பழுது நீங்கியதா என்று தீர்மானிக்க முடியாது.

அறிகுறி: வளைவில் திரும்பும்போதோ மேட்டில் நிறுத்தும்போதோ ஒழுகுகிறது

எந்தப் பக்கம் திரும்பும்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வளைவின் வெளிப்பக்கம் ஒதுங்கும். வலப்பக்கம் திரும்பும்போது ஒழுகினால் டேங்கின் இடப்பக்க மேல்முனையைப் பாருங்கள். மேட்டில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தும்போது ஒழுகினால் பின்சுவர்.

அறிகுறி: சொட்டே இல்லை, ஆனால் வண்டி திணறுகிறது

டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள குழாயில் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அங்கே வெடிப்பு இருந்தால் ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். மேடு ஏறும்போது திணறல், காலையில் நீண்ட நேரம் ஸ்டார்ட் ஆகாமை, பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் நிற்காத குமிழி, எல்லாம் இதன் அறிகுறிகள். மோரிஸ் மைனரில் இதைக் காதாலேயே பிடிக்கலாம். அதன் எஸ்.யு. மின்பம்ப், சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று சில முறை அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் அமைதியாக வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால், டேங்கில் பெட்ரோல் தீர்ந்திருக்க வேண்டும், அல்லது எங்கோ காற்று புகுகிறது.

இதற்கு நேரெதிர் ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி நின்றுபோகிறது, டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போகிறது, பிறகு ஓடுகிறது. காற்றுப் போக்கு அடைத்திருக்கிறது. குளவி மண் வைத்து அடைத்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். காற்றுத் துளை உள்ள மூடிக்குப் பதில் துளையில்லாத மூடியை யாராவது மாற்றியிருக்கலாம். இந்த வெற்றிடம் பழைய தகட்டை உள்ளே இழுத்து இழுத்து மடிப்பைத் தளர்த்தும். இன்று திணறலாக இருப்பது நாளை ஒழுகலாக வரும்.

அறிகுறி: ஒழுகல் இல்லை, மைலேஜ் குறைகிறது, எஞ்சின் ஆயில் கூடுகிறது

டேங்கை விட்டுவிடுங்கள். எஞ்சினோடு பொருத்திய மெக்கானிக்கல் பம்பின் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்னும் சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தாலே தெரியும். பம்பையும் ஆயிலையும் மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

வழியில் ஒழுகினால்

பார் சோப்பு. பழைய டிரைவர்கள் டேஷ்போர்டில் ஒரு துண்டு வைத்திருந்ததற்கு நல்ல காரணம் உண்டு: சோப்பு பெட்ரோலில் கரையாது. துளை மேல் அழுத்தித் தேய்த்து, உள்ளே திணித்துவிட்டால் பட்டறை போய்ச் சேரும் வரை தாங்கும். தண்ணீரில் கரையும் என்பதால் மழையில் நிற்காது. இரண்டு பாக எபாக்சி பசையை ஈரத்தின் மேல் அப்பினால் பிடிக்காது. பெட்ரோலைத் துளைக்குக் கீழே வரை குறைத்து, இடத்தைக் காயவைத்தால்தான் பிடிக்கும். புகைக்குழாய்க்கு அருகில் சொட்டுகிறது என்றால் எதையும் அடைக்க முயலாமல் எஞ்சினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

பழுது நீங்கியதா என்று பார்ப்பது

கழற்றிய டேங்கைப் பொருத்துவதற்கு முன்பே சோதித்துவிட்டால் இரட்டை வேலை மிச்சம். பற்றவைத்த டேங்க் என்றால் எல்லா வாய்களையும் அடைத்து, சோப்பு நுரை தடவி, சைக்கிள் பம்பால் இரண்டு மூன்று முறை மட்டும் அடியுங்கள். பெட்ரோல் டேங்க் அழுத்தம் தாங்கச் செய்ததல்ல. கம்ப்ரஸர் காற்றை நேரடியாக விட்டால் பக்கச் சுவர் உப்பி, நல்ல மடிப்பும் விட்டுவிடும். உள்பூச்சுப் போட்ட டேங்க் முழுவதும் இறுகிய பிறகுதான் இந்தச் சோதனை.

பொருத்திய பின் முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, மறுபடியும் சாக்பீஸ் பூசி, அடியில் செய்தித்தாளை விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாள் உலர்ந்திருந்தால் பாதி டேங்க், மறுபடி ஓர் இரவு. பிறகு பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஒரு நடுப்பகல் முழுவதும் வெயிலில் நிறுத்துங்கள். மாலையில் சாக்பீஸ் பூச்சில் ஒரு சாம்பல் கோடுகூட இல்லை, தாளில் பிசின் கறை இல்லை, டிக்கியைத் திறந்தால் பழைய ரெக்சின் வாசனை மட்டும் வருகிறது என்றால் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுக்கலாம்.